முறைப்படி வராதவர்

“அப்பா, நீ படிச்ச காலேஜ் எங்கப்பா இருக்குது?”

இந்தக் கேள்வியை இசைப்பிரியா கேட்டபோது அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். மொபெட்டின் முன்பக்கம் நின்றபடி, நெய்வேலி நகரியத்தின் வேப்பமர நிழல்களை எண்ணிக்கொண்டே வந்தவள், திடீரென்று திரும்பிக் கேட்டாள்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மருதமுத்து வேகத்தைக் குறைத்தார். அவர் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்தான். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குக் கீழே மாட்டியும் வைத்திருக்கிறார். ஆனால் அதைக் கொடுத்த குணகடல் பல்கலைக்கழகத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அதன் அஞ்சல் குறியீட்டு எண் மட்டும் மனப்பாடம். எல்லாம் தொலைதூரக் கல்வி. சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கும் பம்ப் ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி அவர். பம்ப் ஓடும் சத்தத்திலேயே மூன்று ஆண்டுகள் படித்து முடித்தார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நகரியத்தில் ஒரு படிப்பு மையம் இருந்தது. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில் ஓர் அறை. அந்தக் கட்டடத்தில் இப்போது பேக்கரி நடக்கிறது.

பொய் சொல்ல மனமில்லாமல், “அதோ, அங்கதாம்மா” என்று பேக்கரியைக் காட்டினார்.

“அப்ப டெய்லியும் பப்ஸ் தின்னியா?”

“அப்ப பப்ஸ் இல்லம்மா. புக்கு மட்டும்தான்.”

குழந்தை பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். தன் அப்பா பேக்கரியில் பி.ஏ. படித்தவர் என்று பள்ளியில் பெருமையாகச் சொன்னாள். எவ்வளவு பெரிய பேக்கரி என்று கைகளை விரித்தும் காட்டினாளாம்.

அந்தப் பள்ளி ஓர் அறக்கட்டளை நடத்துவது. அங்கே நூலக உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பகல் வேலை, நிரந்தர வேலை. மருதமுத்து அதற்கு மனுப் போட்டிருந்தார். ஷிப்ட் மாறி மாறிப் போவதால் மகள் விழித்திருக்கும்போது அவர் தூங்குவார், அவர் விழித்திருக்கும்போது அவள் பள்ளியில் இருப்பாள். இந்த வேலை கிடைத்தால் தினமும் மகளோடு ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வரலாம். அவர் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

தலைமையாசிரியை நல்லவர். மருதமுத்துவைக் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பேக்கரியில படிச்சதா உங்க பொண்ணு சொல்லுது. டிரஸ்ட்ல கேக்குறாங்க. நேரா காலேஜ் போய்ப் படிச்ச பட்டத்துக்கு இதுவும் சமம்னு உங்க யுனிவர்சிடில ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துடுங்க. பங்குனி முடியற வரைக்கும் வேற யாரையும் போடாம பாத்துக்கறேன்.”

மருதமுத்து பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அங்கே அப்போது பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

தபாலில் படித்தவரும் வகுப்பில் படித்தவரும் சமமா என்பதுதான் விவாதம். இரு தரப்பிலும் அறிஞர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் பேசும்போது மற்றவரும் பேசினார். இறுதியில் பல்கலைக்கழகம் பேராசிரியர் முனைவர் கலைச்செல்வன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு உறுப்பினர்கள் அனைவரும் அவரவர் வீட்டிலிருந்தே காணொளி வழியாகக் கூடி, நேரில் வராமல் பெறும் எதுவும் முழுமையாகாது என்று ஒருமனதாக முடிவுசெய்தார்கள்.

ஆனால் தொலைதூர மாணவர்களிடம் எது குறைகிறது? குழு அதையும் ஆராய்ந்தது. நேரடியாகப் படித்த மாணவர்களைக் கூப்பிட்டு, கல்லூரியில் நீங்கள் பெற்றது என்ன என்று கேட்டது. கேன்டீன் டீ, கடைசி பெஞ்ச், வராத வாத்தியாருக்காகக் காத்திருந்தது, சுவரேறிக் குதித்து சினிமாவுக்குப் போனது என்று அவர்கள் கண்கலங்கச் சொன்னார்கள். பாடம் என்று யாரும் சொல்லவில்லை. எனவே பாடத்தைப் பொறுத்தவரை இரு தரப்பும் சமம் என்பது நிரூபணமாயிற்று. மற்றவற்றில்தான் வேறுபாடு. அவற்றை ஈடுகட்டிவிட்டால் சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

இப்படிப் பிறந்ததுதான் ‘வளாக அனுபவ நிரப்பு முகாம்’. தொலைதூர மாணவர்கள் நெய்வேலியில் அதிகம் என்பதால் முதல் முகாம் இங்கேயே, ஒரு சமுதாயக் கூடத்தில் ஏற்பாடாயிற்று. மருதமுத்து ஒரு வாரம் விடுப்புப் போட்டார். மனைவி வளர்மதி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள்.

“காலேஜுக்குப் போறீங்க. யாராவது ராகிங் பண்ணா வூட்டுக்கு வந்துடுங்க” என்றாள்.

தொடக்க விழாவில் கலைச்செல்வன் குத்துவிளக்கு ஏற்றினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை அவர் மடித்து வைப்பதற்குள் இன்னொன்று போர்த்தினார்கள். பின்பு அவர் பேசினார்.

“நேரடி மாணவன் வகுப்புக்கு வருவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் வராமலிருக்கும்போது, அவன் வராமலிருப்பதற்கென்றே ஒரு வகுப்பு அங்கே நடந்துகொண்டிருக்கிறது! குறைந்தபட்சம், நடப்பதாகப் பதிவாகிக்கொண்டிருக்கிறது! நீங்களும் வரவில்லை. ஆனால் நீங்கள் எந்த வகுப்புக்கு வரவில்லை? சொல்லுங்கள் பார்ப்போம்!”

காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த மாணிக்கம்மாள் எழுந்தார். முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் கம்பெனியில் மேஸ்திரியாக இருப்பவர், பி.ஏ. தமிழ்.

“எந்த கிளாசுக்கும் வரலீங்க சார்.”

“அதைத்தான் சொல்கிறேன் அம்மா! எந்த வகுப்புக்குமே பொதுவாக வராமலிருப்பது கல்வியாகாது. குறிப்பிட்ட ஒரு வகுப்புக்குக் குறிப்பாக வராமலிருக்க வேண்டும். நான் முப்பது ஆண்டுகள் பேராசிரியராக இருந்தேன். என் வகுப்பில் மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. நானும் இருந்தேன் என்பதற்கும் இருக்கிறது!”

எல்லோரும் கைதட்டினார்கள். மருதமுத்துவும் தட்டினார். புரியாத பேச்சுக்குக் கைதட்டுவது மரியாதை என்று அவர் நம்பினார். கலைச்செல்வன் அன்று மதியமே காரேறிப் போய்விட்டார். மற்ற நாட்களில் காணொளியில் வருவார் என்று சொன்னார்கள்.

முகாமை நடத்தும் பொறுப்பு தனகோட்டி என்ற கௌரவ விரிவுரையாளரிடம் வந்தது. கௌரவம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும், சம்பளம் வரும்போது வரும் என்று அவரே சொல்லிக்கொள்வார். எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும் நல்ல மனிதர்.

முதல் செய்முறைத் தேர்வு, வராத ஆசிரியருக்காகக் காத்திருத்தல். தனகோட்டி கூடத்தை விட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று, ஜன்னல் வழியே கவனித்தார். மாணவர்கள் சிறிது நேரம் வாசலைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். தனகோட்டி தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

“என்னங்க இது? வாத்தியார் இல்லாத நேரத்துல படிச்சிகினு இருக்கீங்க!”

“சும்மாதான இருக்கோம் சார்” என்றார் மருதமுத்து.

“சும்மா இருக்கறதுக்குத்தாங்க மார்க்கு! ஒருத்தராவது பெஞ்ச்ல தாளம் போட்டீங்களா? ராக்கெட் வுட்டீங்களா? நான் மேல இன்னான்னு எழுதி அனுப்பறது?”

மாணிக்கம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. “நீங்க வெசனப்படாதீங்க சார். இப்ப வுடறோம்” என்று ஒரு தாளைக் கிழித்து மடித்தார். அது ராக்கெட்டாக வராமல் முந்திரிப் பருப்புப் பொட்டலமாக வந்தது. பழக்கம் அப்படி.

மறுநாள் கடைசி பெஞ்ச். அங்கேயும் சிக்கல். வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்லூரி வகுப்பறையைப் பார்த்தவர்கள் ஆதலால், எல்லோரும் முதல் வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் உட்காராதவர்களுக்கு மதிப்பெண் இல்லை என்று தனகோட்டி கெஞ்சினார். கடைசி பெஞ்சோ ஒன்றுதான். பெரும்பாலோர் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை செய்பவர்கள். அவர்களே கூடிப் பேசி, கடைசி பெஞ்சை மூன்று ஷிப்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் ஷிப்டுக்காரர் எழுந்து, பெஞ்சைத் துடைத்து, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு முன்வரிசைக்குப் போனார். இத்தனை ஒழுங்கான கடைசி பெஞ்சை நான் பார்த்ததில்லை என்று தனகோட்டி எழுதி அனுப்பினார். மேலிடம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள்தான் முக்கியம். வகுப்புப் புறக்கணிப்பு. மொத்த மதிப்பெண்ணில் பாதி இதற்கு. இதில் தவறினால் சான்றிதழ் கிடையாது. சமுதாயக் கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லாததால், ஏறிக் குதிப்பதற்கென்று பல்கலைக்கழகம் டெண்டர் விட்டுத் தகரத்தில் ஒரு சுவர் எழுப்பியிருந்தது. அது எதையும் சுற்றவில்லை. மைதானத்தின் நடுவே தனியாக நின்றது. ஏறுவதற்கு வசதியாக இருபுறமும் படி வைத்திருந்தார்கள்.

மணி அடித்தது. “ம், கெளம்புங்க” என்றார் தனகோட்டி.

ஒருவரும் எழவில்லை.

“இன்னாங்க, கெளம்புங்க! போயி சுவரேறிக் குதிங்க!”

மருதமுத்து சங்கடத்தோடு எழுந்தார். “ரிலீவர் வரலீங்களே சார்.”

“இன்னா ரிலீவர்?”

“நம்ம எடத்துக்கு மாத்து ஆளுங்க. அடுத்த ஷிப்ட் ஆளு வந்து நிக்காம எப்படி எடத்த வுட்டுப் போறதுங்க? பம்ப அப்படியே வுட்டுட்டு வந்தா சொரங்கத்துல தண்ணி ஏறிடுமே.”

“இங்க பம்பு எங்க சார் இருக்குது?”

“இல்லீங்கதான். ஆனா காலு எழ மாட்டேங்குதுங்க.”

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இருபது வருஷம், முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த கால்கள். மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது என்பது அவற்றுக்கு வேதம். சுரங்கத்துக்குச் சம்பந்தமில்லாத மாணிக்கம்மாளும், “நானும் அடுப்ப எறக்காம கொட்டாய வுட்டு வர மாட்டேன் சார். கொட்டை கருகிப்பூடும்” என்றார்.

தனகோட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரிங்க. நாளைக்கு எல்லாரும் ரிலீவரக் கூட்டியாந்துடுங்க” என்றார். அன்பினால் செய்த தவறு அது.

மறுநாள் எல்லோரும் மாற்று ஆளோடு வந்தார்கள். சம்பந்தி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று கூடத்துக்கு வெளியே ஒரு கல்யாணக் கூட்டம். மருதமுத்துவுக்குப் பதிலாக வந்தவர் செங்குட்டுவன். அதே பம்பில் அவரோடு வேலை பார்ப்பவர். மருதமுத்து பட்டம் வாங்கியதே இவரால்தான். தேர்வு நாட்களில் ஒப்பந்தக்காரர் விடுப்புக் கொடுக்காதபோதெல்லாம், தன் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மருதமுத்துவின் ஷிப்டையும் சேர்த்து நின்றவர் செங்குட்டுவன். ஏண்ணே உங்களுக்குச் சிரமம் என்று கேட்டால், “வூட்ல இருந்தா போர் அடிக்குதுடா. இங்கன்னா பம்பு பேசிகினு இருக்குது” என்பார். பதிலுக்கு ஒரு டீ கூட வாங்கிக்கொண்டதில்லை. நான்கு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாருக்கும் போர் அடிக்காது என்பது மருதமுத்துவுக்குத் தெரியும்.

மணி அடித்தது. மாற்று ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாணவர்கள் நிம்மதியாக எழுந்து, தகரச் சுவரில் படிவழியே ஏறி, படிவழியே இறங்கி, வெயிலில் நின்றார்கள். அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மாணிக்கம்மாள் போய் ஒரு பலாப்பழம் வாங்கிவந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எல்லோருமாக உரித்தார்கள்.

உள்ளே நிலைமை வேறாக இருந்தது. கூடம் நிரம்பி வழிவதைப் பார்த்த தனகோட்டிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பேர் எதிரில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. தன்னை மறந்து, சோழர் காலத்து ஏரிப் பாசனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். மாற்று ஆட்கள் வாய்பிளந்து கேட்டார்கள். “தூரு வாரலன்னா அப்ப இன்னா தண்டனை சார்?” என்று செங்குட்டுவன் சந்தேகம் கேட்டார். அப்போதுதான் திரையில் கலைச்செல்வன் தோன்றினார்.

“தனகோட்டி! புறக்கணிப்புத் தேர்வு என்றீர்கள். கூடம் நிறைய ஆட்கள் இருக்கிறார்களே!”

“எல்லாரும் புறக்கணிச்சிட்டுப் போயிட்டாங்க சார். இவங்க ரிலீவருங்க.”

“அவர்கள் கையில் என்ன?”

“நோட்டு சார். குறிப்பெடுக்கறாங்க.”

கலைச்செல்வன் சிறிது தண்ணீர் குடித்தார். “முப்பது ஆண்டுகளில் நான் இப்படியொரு ஒழுங்கீனத்தைக் கண்டதில்லை. இது கல்வியைக் கேலி செய்வது! எல்லோரும் தோல்வி. நாளை கடைசி வாய்ப்பு. மாற்று ஆள் கூடாது. இரண்டு மணிக்கு வகுப்பு காலியாக இருக்க வேண்டும். நான்கு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்து, வகுப்புக்கு வரவில்லை என்று வராமைப் பதிவேட்டில் நேரில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை!”

அன்று மாலை மருதமுத்துவும் செங்குட்டுவனும் டீக்கடையில் நின்றார்கள்.

“நாளைக்கு உத்திரமாச்சேண்ணே. வில்லுடையான்பட்டு முருகன் கோயில்ல காவடி எடுக்கறேன்னு சொன்னீங்களே.”

“ஆமாண்டா. எங்க சின்னப்புள்ள அபிக்குக் காய்ச்சல் வந்தப்ப வேண்டிக்கினது. நாலு மணிக்கு எங்க தெருக் காவடி கெளம்புது. எனக்குக் காலைல ஷிப்டு. ரெண்டு மணிக்கு சுதாகரு வந்து மாத்திட்டான்னா போயிடுவேன். அவனும் காவடிக்காரன்தான். வருவானோ மாட்டானோ.” செங்குட்டுவன் சிரித்தார். “அத வுடு. நீ ஒழுங்கா கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட்ட வாங்கு. பாப்பாவ நீயே ஸ்கூலுக்கு இட்டுகினு போவணும், ஆமா.”

மறுநாள் இரண்டு மணிக்குக் கூடம் காலியாக இருந்தது. மாற்று ஆள் இல்லாமல் எழுவது எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. போகும்போது சிலர் பெஞ்சின் மேல் கைக்குட்டையாவது போட்டுவிட்டுப் போனார்கள். நான்கு மணிக்கு எல்லோரும் திரும்பிவந்து வரிசையில் நின்று, தாங்கள் வரவில்லை என்று கையெழுத்திட்டார்கள். மருதமுத்து மட்டும் வரவில்லை. ஐந்தரை ஆயிற்று. அப்போதும் வரவில்லை.

“அந்த மனுசன் வேணும்னு செய்யற ஆளில்ல சார்” என்றார் மாணிக்கம்மாள். “என்னமோ ஆயிருக்குது. பாத்து ஏதாவது செய்ங்க. அவருக்குக் கெடைக்கற ஸ்கூல் வேலை போயிடும்.”

தனகோட்டி பதிவேட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாணிக்கம்மாளிடம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், “நானும் எம்.ஏ. தபால்லதாம்மா படிச்சேன்” என்று சொல்லிவிட்டு, திரையில் கலைச்செல்வனை அழைத்தார்.

“சார், ஒரு சந்தேகம். கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் நாலு மணிக்கு இங்க வந்துட்டாங்க. வந்துட்டா அது எப்படி சார் முழுமையான வராமை ஆகும்? மருதமுத்துன்னு ஒருத்தர், வகுப்புக்கும் வரல. வரலன்னு கையெழுத்துப் போடவும் வரல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் அறிஞர். நீங்க சொல்லணும்.”

கலைச்செல்வனின் கண்கள் மெல்லக் கலங்கின.

“தனகோட்டி,” என்றார் தழுதழுத்த குரலில். “இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இதுதான் நேரடிக் கல்வியின் ஆன்மா! அவர் இப்போது எங்கே இருக்கிறார்?”

“தெரியாது சார்.”

“தெரியக் கூடாது! தெரிந்தால் கெட்டுவிடும்! அந்த மாணவருக்கு முதலிடம். மற்றவர்களுக்கு ஆறுதல் தேர்ச்சி.”

அப்படியாக எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மருதமுத்துவின் சான்றிதழில், ‘வளாக அனுபவத்தில் தனிச்சிறப்பு’ என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை அதை வாசித்துவிட்டு, சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு, வேலைக்கான ஆணையில் கையெழுத்துப் போட்டார். சித்திரை பிறந்ததும் இசைப்பிரியா வண்டியின் முன்பக்கம் நின்றபடி அப்பாவோடு பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அன்று எங்கே போயிருந்தீர்கள் என்று தனகோட்டி கேட்கவில்லை. மாணிக்கம்மாள் கேட்டார். “கிளாசுக்கு மட்டம் போட்டுட்டு, போற எடத்தயா சொல்லுவாங்க?” என்று மருதமுத்து சிரித்துவிட்டார்.

அந்த உத்திரத்தன்று அவர் தகரச் சுவரைத் தாண்டி இறங்கியதும், மற்றவர்கள் பலாப்பழக் கடைப் பக்கம் திரும்பினார்கள். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சுரங்கத்துக்குப் போனார். நுழைவுச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. சுதாகர் வரவில்லை. செங்குட்டுவன் பம்பருகே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து விரதம். உதடு காய்ந்திருந்தது.

“நீ எங்கடா இங்க? உனக்குப் பரீட்சையாச்சே!”

“இன்னிக்குக் கிளாசுக்கு வரக் கூடாதுன்றதுதாண்ணே பரீட்சை.”

“கையெழுத்துப் போடணும்னு சொன்னானே அந்த ஆளு?”

“அது பொறவு பாத்துக்கலாம்ணே.”

“டேய், போடா. சுதாகரு வந்துடுவான்.”

மருதமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பம்பின் மேல் ஒரு கையை வைத்துச் சூடு பார்த்தார்.

“அங்க ஒரே போர் அடிக்குதுண்ணே. இங்கன்னா பம்பு பேசிகினு இருக்குது.”

செங்குட்டுவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டில் வேகமாக ஏறிப் போனார்.

பிறகு அங்கே வேறு யாருமில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணி ஆனபோது, எங்கோ தூரத்தில் மேளம் கேட்பது போலிருந்தது. மருதமுத்து எழுந்து, அந்தத் திசையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தார்.